ஒரே டப்பா, இரண்டு டைப்: எம்எல் மொழியின் ஓட்டை அடைபட்ட கதை

பல வகை மரங்களைக் கையாளும் ஒரு சின்னக் கருவியை எம்எல் குடும்பத்தைச் சேர்ந்த ஓகாமல் மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். மரம் என்றால் இங்கே கணினியில் தரவை அடுக்கும் மர அமைப்பு. ஒரு மரத்தின் ஆழத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் அதே மரங்களுக்கே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதனால் 'மெமோ' என்று இன்னொரு ஃபங்ஷன் எழுதினேன். ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், அது தரும் விடைகளை ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, அதே கேள்வி மறுபடி வரும்போது அட்டவணையிலிருந்தே எடுத்துத் தரும் புது ஃபங்ஷனை மெமோ திருப்பித் தரும்.

ஆழம் பார்க்கும் ஃபங்ஷன் எந்த வகை மரத்தையும் ஏற்கும். எண்கள் உள்ள மரம், சொற்கள் உள்ள மரம், எதுவானாலும் சரி. அதை மெமோவுக்குள் கொடுத்தேன். டைப் என்பது ஒரு மதிப்பு எந்த வகை என்ற குறிப்பு: எண்ணா, சொல்லா, எதை வாங்கி எதைத் தரும் ஃபங்ஷன் என்பது போல. வெளியே வந்த ஃபங்ஷனின் டைப்பில் 'வீக்1' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. எண் மரத்துக்கு ஒழுங்காக ஓடியது. அப்புறம் சொல் மரத்தைக் கொடுத்தேன். நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. எதையும் ஏற்கும் ஃபங்ஷன்தான் உள்ளே போனது, வெளியே வந்ததோ முதலில் பார்த்த டைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்த 'வீக்1' வருவதற்குப் பின்னால் கிட்டத்தட்ட 20 ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. நிரலாக்க மொழிக் கோட்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு இதுதான். 1978இல் போட்ட அழகான ஒரு விதி, மாற்றத்தக்க நினைவகத்தோடு சேர்ந்ததும் உடைந்தது. பெரிய மூளைகள் பலர் பத்தாண்டுக்கும் மேலாக ஒன்றைவிட ஒன்று நுணுக்கமான மருந்துகளைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் நிலைத்தது ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விதி. அது ஏன் நிலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடின்பரோவில் தொடங்கியது

1970களில் ராபின் மில்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எல்சிஎஃப் என்ற தேற்ற நிரூபணக் கருவியைத் தன் குழுவோடு கட்டிக்கொண்டிருந்தார். கணித நிரூபணத்தைக் கணினியே படிப்படியாகச் சரிபார்க்க வேண்டும், நிரூபணம் தேடும் உத்திகளைப் பயன்படுத்துபவரே நிரலாக எழுதிக்கொள்ளவும் வேண்டும். அந்த உத்திகளை எழுதுவதற்கென்று பிறந்த மொழிதான் எம்எல்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. பயன்படுத்துபவர் இஷ்டப்படி நிரல் எழுதலாம் என்றால், தவறான நிரல் ஒன்று பொய்யான தேற்றத்தை உருவாக்கிவிடாதா? மில்னர் கண்ட பதில் இன்றைக்கும் எனக்கு வியப்பைத் தருகிறது. 'தேற்றம்' என்பதையே ஒரு டைப் ஆக்கினார். அந்த டைப்புக்குரிய மதிப்பை உருவாக்கத் தர்க்க விதிகளாக அமைந்த சில ஃபங்ஷன்களால் மட்டுமே முடியும். வேறு எந்த வழியில் முயன்றாலும் கம்பைலர் விடாது. ஆகவே ஒரு மதிப்பின் டைப் 'தேற்றம்' என்று இருந்தாலே அது முறையாக நிரூபிக்கப்பட்டது என்று பொருள். மொத்தக் கருவியின் நம்பகத்தன்மையும் டைப் சரிபார்ப்பின் மேல் நிற்கிறது. அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொய்த் தேற்றம் உள்ளே வந்துவிடும்.

1978இல் மில்னர் வெளியிட்ட கட்டுரை அந்த டைப் முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டது. நிரலர் டைப் எதையும் எழுத வேண்டாம், கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு ஃபங்ஷன் எந்த டைப்புக்கும் பொருந்துமானால் அதையும் கண்டுபிடித்து, 'எல்லா ஆ-வுக்கும்' என்று பொதுமையாக்கி வைக்கும். ஒரு பட்டியலின் முதல் உறுப்பை எடுக்கும் ஃபங்ஷனுக்கு 'ஆ-க்களின் பட்டியலைக் கொடு, ஓர் ஆ தருகிறேன்' என்பது டைப். எண் பட்டியலோடு அழைக்கும்போது ஆ எண்ணாகிறது, சொல் பட்டியலோடு அழைக்கும்போது சொல்லாகிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஆ-வின் புதுப் பிரதி ஒன்று கிடைக்கிறது. ஒரு பயன்பாட்டில் ஆ என்னவானது என்பது இன்னொரு பயன்பாட்டைப் பாதிக்காது. இதே போன்ற முறையை ரோஜர் ஹிண்ட்லி 1969இலேயே தர்க்கத் துறையில் கண்டிருந்தார். 1982இல் மில்னரும் அவருடைய மாணவர் லூயிஸ் டமாஸும் சேர்ந்து, ஒவ்வொரு நிரலுக்கும் மிகப் பொதுவான டைப் ஒன்று உண்டு, அதை அல்காரிதம் எப்போதும் கண்டுபிடிக்கும் என்று காட்டினார்கள்.

சரியான டைப் கிடைத்த நிரல் தடம்புரளாது என்பது மில்னர் அந்த 1978 கட்டுரையில் கொடுத்த வாக்கு. அதை அவர் நிரூபித்தது மாற்றமே இல்லாத தூய மொழிக்கு. எம்எல்-லில் மாற்றமும் இருந்தது.

டப்பாவுக்குள் என்ன

எம்எல்-லில் ஒரு மதிப்பை வைத்து, பின்னால் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கக்கூடிய நினைவக இடத்தை 'ரெஃப்' என்பார்கள். நான் டப்பா என்றே சொல்கிறேன். கீழே நான்கு வரி. எம்எல்-லின் இலக்கணத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

டப்பா = புதுடப்பா (காலிப்பட்டியல்)
டப்பாவில் வை (பட்டியல்: 1)
அ = முதல் உறுப்பு (டப்பாவில் உள்ளது)
அ-வோடு "வணக்கம்" என்ற சொல்லை ஒட்டு

முதல் வரியைப் பாருங்கள். காலிப் பட்டியல் எந்த டைப்பின் பட்டியலாகவும் இருக்கலாம், அதில்தான் ஒன்றுமே இல்லையே. ஆகவே டப்பாவின் டைப், 'ஆ-க்களின் பட்டியல் வைக்கும் டப்பா'. ஆ எது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. மில்னரின் விதிப்படி தீர்மானமாகாத ஆ-வைப் பொதுமையாக்கலாம். அதனால் கம்பைலர் 'எல்லா ஆ-வுக்கும், ஆ-க்களின் பட்டியல் வைக்கும் டப்பா' என்று எழுதிக்கொள்கிறது.

இரண்டாவது வரியில் டப்பாவைப் பயன்படுத்தும்போது ஆ-வின் புதுப் பிரதி ஒன்று கிடைக்கிறது. அது எண் ஆகிறது. எண் பட்டியலை உள்ளே வைக்கலாம். மூன்றாவது வரியில் மறுபடி பயன்படுத்துகிறோம், மறுபடி புதுப் பிரதி, இந்த முறை அது சொல் ஆகிறது. அதாவது டப்பாவிலிருந்து சொற்களின் பட்டியல் வருவதாகக் கம்பைலர் நம்புகிறது. நான்காவது வரியில் அந்தச் 'சொல்'லோடு இன்னொரு சொல்லை ஒட்டுகிறோம். ஒவ்வொரு வரியும் தனித்தனியே விதிப்படி சரிதான்.

ஓடும்போது நடப்பது வேறு. டைப்பின் பிரதி இரண்டு, டப்பா ஒன்றுதான். உள்ளே கிடப்பது 1 என்ற எண். அந்த எண்ணைச் சொல்லின் நினைவக முகவரி என்று நினைத்துக்கொண்டு இயந்திரம் அங்கே போய் எழுத்துகளைத் தேடும். இதே உத்தியை வைத்து எந்த டைப்பையும் வேறு எந்த டைப்பாகவும் மாற்றிவிடலாம். எண்ணைச் சொல்லாக்குவதுபோல எதை வேண்டுமானாலும் 'தேற்றம்' ஆக்கலாம். எல்சிஎஃப்-ன் கோட்டைக் கதவு திறந்துவிட்டது.

தூய மொழியில் இது ஏன் வரவில்லை? முதல் உறுப்பை எடுக்கும் ஃபங்ஷனை நூறு இடத்தில் நூறு டைப்பில் பயன்படுத்தினாலும், ஓர் இடத்தில் நடந்தது இன்னோர் இடத்துக்குத் தெரியவே தெரியாது. டப்பா அப்படி இல்லை. ஓர் இடத்தில் போட்டதை இன்னோர் இடத்தில் எடுக்கலாம். பயன்பாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, பிரதி எடுக்கும் விதியோ அப்படி ஒரு வழி இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

ஜாவா தெரிந்தவர்களுக்கு இதன் உறவுக்காரர் பரிச்சயமானவர்தான். சொற்களின் அரேயைப் பொருட்களின் அரே என்று ஜாவா ஏற்றுக்கொள்ளும், அப்புறம் அதில் ஓர் எண்ணை வைக்கப் போனால் ஓடும்போது பிழை எறியும். படிக்க மட்டும் என்றால் அந்த ஏற்பாடு சரி, எழுதவும் முடியும் என்றதும் கெடுகிறது. ஜாவா ஒவ்வொரு முறை அரேயில் எழுதும்போதும் சோதித்துப் பிழைத்துக்கொண்டது. எம்எல்-லுக்கு அந்த வழி ஒத்துவராது. ஓடும்போது டைப் சோதனையே தேவைப்படாது என்பதுதானே அதன் பெருமை.

மருந்துகள்

மில்னர் குழுவுக்கு இந்தச் சிக்கல் ஆரம்பத்திலேயே தெரியும். எல்சிஎஃப் காலத்து எம்எல் மாற்றத்தக்க மாறிகள் மேல் தனிக் கட்டுப்பாடுகளை வைத்து ஒப்பேற்றியது. முறையான தீர்வைத் தேடிப் போனவர்களில் டமாஸ் முதன்மையானவர். 1985இல் வெளியான அவருடைய ஆய்வேட்டில் டப்பாக்களுக்கென்று ஒரு டைப் முறை இருக்கிறது.

அடுத்து வந்த மாட்ஸ் டோஃப்டேயின் ஆய்வேடு, எடின்பரோவில் 1988இல், இந்தக் கதையின் நடுத்தூண். டைப் மாறிகளை அவர் இரண்டு சாதியாகப் பிரித்தார். ஒன்று சாதாரண மாறி. இன்னொன்று டப்பாவுக்குள் போகக்கூடிய மாறி, அதைப் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு எழுதினார்கள். கூடவே கோவைகளையும், அதாவது கணக்கிட்டால் ஒரு மதிப்பைத் தரும் நிரல் துண்டுகளையும், இரண்டாகப் பிரித்தார். ஓடும்போது புது டப்பாவை உருவாக்கக்கூடியது 'விரிவது'. ஃபங்ஷன், மாறி, மாறிலி போல எந்த டப்பாவையும் உருவாக்காது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிவது 'விரியாதது'. விரியும் கோவையில் அடிக்கோட்டு மாறிகளைப் பொதுமையாக்கக் கூடாது, சாதாரண மாறிகளை எப்போதும் பொதுமையாக்கலாம். விதி அவ்வளவுதான்.

அதைச் சரி என்று நிரூபித்தது தனிச் சாதனை. ஒரு மதிப்புக்கு இன்ன டைப் என்று நிரூபிக்க, அதன் உள்ளே இருப்பவற்றின் டைப்பைப் பார்த்துப் படிப்படியாகக் கீழே இறங்குவது வழக்கம். டப்பா வந்ததும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில்லாமல் போகிறது. ஒரு ஃபங்ஷன் ஒரு டப்பாவைச் சுட்டலாம், அந்த டப்பாவுக்குள் அதே ஃபங்ஷன் இருக்கலாம். இறங்கினால் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்போம். இப்படிப் படியிறங்கி நிரூபிக்கும் தொகுத்தறிமுறையை டோஃப்டே தலைகீழாகத் திருப்பினார். 'முரண் எதுவும் தென்படாதவரை பொருந்துகிறது' என்ற மிகப்பெரிய நிலைப்புள்ளியை எடுத்துக்கொண்டு நிரூபித்தார். அப்போது மொழிக் கோட்பாட்டாளர்களுக்கு அது புதிய கருவி. இன்று பல இடங்களில் அன்றாடம் புழங்குகிறது.

1990இல் வந்த ஸ்டாண்டர்ட் எம்எல் வரையறை டோஃப்டேயின் முறையை ஏற்றுக்கொண்டது. ஓட்டை அடைபட்டது. ஆனால் புது வலி ஒன்று தொடங்கியது. அது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், பின்னால் நடந்தது எல்லாம் இதிலிருந்துதான்.

ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் நூலகம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்எல்-லில் நூலகத்துக்கு முகப்புக் கையெழுத்து ஒன்று இருக்கும். உள்ளே எப்படிச் செய்கிறாய் என்று கேட்க மாட்டேன், 'ஆ-க்களின் பட்டியலைக் கொடுத்தால் ஆ-க்களின் பட்டியல் வரும்' என்ற டைப் இருந்தால் போதும் என்று முகப்பு சொல்லும். முதலில் தூய முறையில் எழுதினோம், டைப் பொருந்தியது. வேகம் போதவில்லை என்று உள்ளே தற்காலிகமாக ஒரு டப்பா வைத்து மாற்றி எழுதினோம். அந்த டப்பா ஃபங்ஷன் ஓடும்போது பிறந்து, அது முடியும்போது தேவையற்றுப் போகிறது. வெளியில் இருப்பவருக்கு அது இருந்ததே தெரியாது. ஆனால் டைப் காட்டிக்கொடுத்துவிடும்: இப்போது அது 'அடிக்கோட்டு ஆ-க்களின் பட்டியல்'. முகப்பு கேட்டது சாதாரண ஆ, நூலகம் தருவது அடிக்கோட்டு ஆ. பொருந்தவில்லை. முகப்பை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நூலகத்தின் முகப்பையும் மாற்ற வேண்டும்.

இதை நான் சின்னக் குறையாகப் பார்க்கவில்லை. உள்வேலையை மறைப்பதற்காக முகப்பை வைத்துவிட்டு, 'உள்ளே டப்பா இருக்கிறது' என்று டைப்பிலேயே பலகை மாட்டினால் முகப்பு எதற்கு?

மற்ற மருந்துகளும் இதே திசையில் போயின. நியூஜெர்சி எம்எல் கம்பைலரில் டேவிட் மக்குவீன் அடிக்கோட்டுக்குப் பதில் எண்ணைப் போட்டார். இன்னும் எத்தனை முறை அழைத்தால் டப்பா பிறக்கும் என்பதை அந்த எண் சொல்லும். டோஃப்டேயினுடையதைவிடக் கூடுதல் நிரல்களை அது ஏற்றது, புரிந்துகொள்வதும் அந்த அளவுக்குக் கடினமானது. பிரான்ஸில் ஸாவியே லெருவாவும் பியேர் வைஸும் 1991இல் வேறு கோணத்தில் வந்தார்கள். டப்பாவை உருவாக்குவதில் ஆபத்து இல்லை, பொதுமையாக்கும் நேரத்தில் டப்பா கையில் இருப்பதுதான் ஆபத்து என்றார்கள். ஆனால் ஒரு ஃபங்ஷன் தனக்குள் ஒரு டப்பாவைப் பிடித்துவைத்திருக்கலாமே, அதன் டைப்பைப் பார்த்தால் தெரியாதே. ஆகவே ஃபங்ஷன் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் மாறிகளின் டைப்புகளையும் அதன் டைப்பிலேயே எழுதவைத்தார்கள். ஜான் பியேர் தால்பேனும் பியேர் ஜூவ்லோவும் 1992இல், ஒரு ஃபங்ஷன் எந்த நினைவகப் பகுதியில் என்ன செய்கிறது என்ற விளைவுகளை டைப்போடு சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

எல்லாமே ஆழமான வேலை. விளைவுகளை டைப்பில் எழுதும் எண்ணம் தனிக்கிளையாக வளர்ந்து இன்று கோகா போன்ற மொழிகளில் காய்க்கிறது. எம்எல்-லின் இந்தச் சிக்கலைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பக்கவிளைவு இருந்தது: டைப் கனத்துக்கொண்டே போனது.

டப்பா இல்லாமலும் அதே ஓட்டை

1991இல் இன்னோர் இடி. ராபர்ட் ஹார்ப்பரும் மார்க் லில்லிபிரிட்ஜும் டப்பாவே இல்லாமல் அதே ஓட்டையைக் காட்டினார்கள். 'கால்-சிசி' என்று ஒரு வசதி உண்டு. நிரல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து மிச்சமிருக்கும் வேலை முழுவதையும் ஒரு மதிப்பாகப் பிடித்துவைத்து, பின்னால் வேண்டும்போது அந்த இடத்துக்கே தாவிப் போகலாம். நியூஜெர்சி எம்எல்-லில் அது இருந்தது.

பெயர் ஒன்றுக்கு மதிப்புக் கொடுக்கும் வரியில் இந்த இடத்தைப் பிடித்துவைக்கிறோம். டைப் பொதுமையாகிறது. கீழே ஓரிடத்தில் அந்தப் பெயரை ஒரு டைப்பில் பயன்படுத்திவிட்டு, பிடித்துவைத்த இடத்துக்குத் தாவி வேறொரு மதிப்பைக் கொடுக்கிறோம். அதே பெயர் இப்போது இன்னொரு மதிப்போடு, இன்னொரு டைப்பில் மறுபடி ஓடுகிறது. டப்பா செய்த வேலையை இங்கே காலமே செய்கிறது.

டப்பாவுக்கென்று அடிக்கோடும் எண்ணும் கண்டுபிடித்தவர்களுக்கு இது என்ன சொன்னது? இப்படியே போனால் மொழியில் சேர்க்கும் ஒவ்வொரு புது வசதிக்கும் தனித்தனியாக ஒரு டைப் மருந்து காய்ச்ச வேண்டியிருக்கும்.

ரைட்டின் கணக்கெடுப்பு

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ரைட் முனைவர் பட்டத்துக்குப் படித்தார், மத்தியாஸ் ஃபெல்லைசன் அங்கே பேராசிரியர். இருவரும் சேர்ந்து டைப் பாதுகாப்பை நிரூபிக்க எளிமையான வழி ஒன்றைக் கண்டார்கள், 1994இல் இதழில் வந்தது. நிரல் ஓடுவதை, கோவையைப் படிப்படியாக மாற்றி எழுதுவதாகப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் டைப் மாறாமல் இருக்கிறது, தடம்புரண்ட கோவைக்கு டைப்பே கிடைக்காது என்று காட்டினால் போதும். டப்பா, எக்ஸெப்ஷன் (பிழை நேரும்போது வழக்கமான ஓட்டத்தை விட்டு வெளியே தாவும் வசதி), கால்-சிசி மூன்றையும் அதே முறையில் கையாள முடிந்தது. டோஃப்டேயின் தலைகீழ்த் தொகுத்தறிமுறைகூடத் தேவைப்படவில்லை. இன்றைக்கு டைப் கோட்பாடு படிக்கும் மாணவர் முதலில் எழுதிப் பழகும் நிரூபணம் இந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் ரைட் தனியே ஒன்றை முன்வைத்தார், 1995இல் இதழில் வெளியானது. பெயர் வைக்கும் வரியின் வலப்பக்கம் இருப்பது எழுத்தளவிலேயே ஒரு மதிப்பாக இருந்தால் மட்டும் பொதுமையாக்கு. ஃபங்ஷன், மாறி, மாறிலி, ஏற்கெனவே மதிப்பாக உள்ளவற்றை வைத்துக் கட்டிய பட்டியல், இவை மதிப்புகள். எதையாவது அழைக்கும் கோவை மதிப்பல்ல. அதைப் பொதுமையாக்காதே. அடிக்கோடு வேண்டாம், எண் வேண்டாம், விளைவுப் பட்டியல் வேண்டாம்.

நம் நான்கு வரிக்கு வாருங்கள். முதல் வரியில் 'புதுடப்பா' என்ற அழைப்பு இருக்கிறது. மதிப்பல்ல. ஆகவே ஆ பொதுமையாகாது, யாரோ அதைத் தீர்மானிக்கும்வரை காத்திருக்கும். நான் பார்த்த 'வீக்1' இப்படிக் காத்திருக்கும் ஆ-தான். இரண்டாவது வரி அதை எண் என்று தீர்மானித்துவிடும். நான்காவது வரி பிழை. கால்-சிசியும் ஓர் அழைப்புதான், அதுவும் தானாகவே அடைபட்டது. நாளை யாராவது புதிய விளைவு ஒன்றைச் சேர்த்தாலும் அதை அழைத்துத்தானே ஆக வேண்டும்? விதிக்கு என்னென்ன விளைவுகள் உள்ளன என்று தெரிந்திருக்கத் தேவையே இல்லை.

வரிசைப்படுத்தும் நூலகமும் நிமிர்ந்தது. அது ஃபங்ஷன், ஆகவே மதிப்பு, ஆகவே பொதுமையாகும். உள்ளே இருக்கும் டப்பா ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகப் பிறக்கிறது, ஓர் அழைப்பின் டப்பாவை இன்னோர் அழைப்பு பார்ப்பதில்லை. தூயதாக எழுதினாலும் டப்பா வைத்து எழுதினாலும் ஒரே டைப்.

விலை என்ன? டப்பாவே தொடாத சில நல்ல தூய நிரல்களும் இனிப் பொதுமையாகாது. 'ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மேலும் இந்த ஃபங்ஷனை ஓட்டு' என்பது மேப். மேப்புக்குள் 'பட்டியலைத் தலைகீழாக்கு' என்பதை மட்டும் கொடுத்து, வரும் ஃபங்ஷனுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். எந்த ஆபத்தும் இல்லாத வரி. ஆனால் வலப்பக்கம் ஓர் அழைப்பு இருக்கிறது, பொதுமையாகாது. ஃபங்ஷன்களை இப்படிக் கோத்துக் கோத்து எழுதுவதைத்தான் இந்த மொழிக்காரர்கள் நேசிக்கிறார்கள். மில்னர் 1978இல் ஏற்ற நிரலை 1995இல் மறுப்பதா? இந்த விதியைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்கும் அது பின்னோக்கிய அடியாகத்தான் பட்டது.

ரைட் இதை வாதத்தால் எதிர்கொள்ளவில்லை. ஸ்டாண்டர்ட் எம்எல்-லில் உண்மையான வேலைக்காக எழுதப்பட்ட நிரல்களைத் திரட்டினார், இரண்டரை லட்சம் வரிகளுக்கும் மேல். புது விதியை அவற்றின் மேல் ஓட்டி எத்தனை உடைகின்றன என்று பார்த்தார். உடைந்தவை சொற்பம். உடைந்தவற்றிலும் பெரும்பாலானவை சின்னத் திருத்தத்தில் சரியாயின. 'தலைகீழ்களை மேப் செய்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'ஒரு பட்டியலை வாங்கி, அதன் மேல் தலைகீழை மேப் செய்யும் ஃபங்ஷன்' என்று விரித்து எழுத வேண்டும். இதற்கு ஈட்டா விரிவு என்று பெயர். வலப்பக்கம் இப்போது ஃபங்ஷன், ஆகவே மதிப்பு.

பத்தாண்டாக எல்லோரும் 'மில்னர் ஏற்ற தூய நிரல் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது' என்பதைக் கேள்வியில்லாத நிபந்தனையாக வைத்திருந்தார்கள். அந்த நிபந்தனைக்காகத்தான் அடிக்கோடும் எண்ணும் வந்தன. அந்த நிரல்களை யாராவது எழுதுகிறார்களா என்று போய்ப் பார்த்தவர் ரைட். நிரூபணங்களால் நிறைந்த ஒரு துறையில், திசையை மாற்றியது ஒரு கணக்கெடுப்பு. இந்த நிகழ்வில் நான் மிக மதிக்கும் இடம் அது.

ஸ்டாண்டர்ட் எம்எல் வரையறையின் திருத்திய பதிப்பு 1997இல் வந்தது, மில்னர், டோஃப்டே, ஹார்ப்பர், மக்குவீன் நால்வர் பெயரில். அடிக்கோட்டு மாறிகள் நீக்கப்பட்டன, ரைட்டின் விதி உள்ளே வந்தது. அந்த விதியை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள்: 'விரியாத' கோவைகளை மட்டும் பொதுமையாக்கு. சொல் டோஃப்டேயினுடையது. அவர் போட்ட இரண்டு பிரிவினைகளில் மாறிகளைப் பிரித்தது போய்விட்டது, கோவைகளைப் பிரித்தது அப்படியே இருக்கிறது. தன் முறையின் பாதியை வெட்டி எறிந்த பதிப்பில் டோஃப்டேயே கையெழுத்திட்டார். 1996இல் வெளியான அப்ஜெக்டிவ் கேமலும் இதே விதியோடுதான் வந்தது, இன்றைய ஓகாமல் அதன் தொடர்ச்சி. மைக்ரோசாஃப்டின் எஃப் ஷார்ப் மொழியில் எழுதுபவர்களும் 'வேல்யூ ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்ற பிழைச் செய்தியைப் பார்த்திருப்பார்கள்.

தூய மொழியான ஹாஸ்கெல் வேறு வழியில் தப்பியது. அங்கே டப்பாவை உருவாக்குவது தனி டைப்புள்ள ஒரு செயல். அந்தச் செயல் தரும் டப்பாவுக்கு வைக்கும் பெயர் பொதுமையாவதே இல்லை. பாதுகாப்பில்லாதது என்று பெயரிலேயே எச்சரிக்கும் பின்கதவு ஒன்று மட்டும் உண்டு. அதன் வழியே டப்பாவை உருவாக்கினால் நம் நான்கு வரி அங்கேயும் அப்படியே வேலைசெய்யும்.

கொஞ்சம் தளர்த்தியது

விதியின் இறுக்கத்தைப் பாதுகாப்பு கெடாமல் தளர்த்த முடியுமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஜப்பானில் பணிபுரியும் ஜாக் கரீக் 2004இல் ஒரு பதில் கொடுத்தார், ஓகாமலில் அது இன்றும் இருக்கிறது. ஓர் அழைப்பு காலிப் பட்டியலைத் தருகிறது என்று வையுங்கள். ஆ பொதுமையாகாது, சரி. ஆனால் பட்டியலிலிருந்து ஆ-வை எடுக்க மட்டுமே முடியும், போட முடியாது. அப்படியானால் அந்த ஆ-வை 'எந்த மதிப்புமே இல்லாத டைப்' என்று வைத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லாத டைப்பின் பட்டியலை எந்த டைப்பின் பட்டியலாகவும் பார்ப்பதில் கேடு இல்லை. ஆகவே ஆ வெளிவரும் திசையில் மட்டும் இருந்தால் பொதுமையாக்கலாம். டப்பாவில் ஆ உள்ளேயும் போகும், வெளியேயும் வரும், அதனால் டப்பாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. முப்பது ஆண்டுக் கதையில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அழகாக ஒரு வாதத்தை நான் வேறு பார்க்கவில்லை.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கவலையும் அல்ல. எல்சிஎஃப்-ன் வழித்தோன்றல்கள் இன்றும் அதே உத்தியில் நிற்கின்றன. ஹோல் லைட் ஓகாமலில் எழுதப்பட்டது. இசபெல் ஸ்டாண்டர்ட் எம்எல்-லின் மேல் ஓடுகிறது. உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற கெப்ளர் அனுமானத்தின் முறைப்படியான நிரூபணம் இந்த இரண்டு கருவிகளில்தான் 2014இல் முடிந்தது. அங்கே 'தேற்றம்' இன்றும் ஒரு டைப்.

சரி, என் மெமோவுக்கு வருகிறேன். கம்பைலர் மறுத்ததும் நான் செய்தது ஈட்டா விரிவு. 'மெமோ (ஆழம்)' என்பதை 'ஒரு மரத்தை வாங்கி, மெமோ (ஆழம்) என்பதை அதன் மேல் ஓட்டும் ஃபங்ஷன்' என்று மாற்றினேன். 'வீக்1' மறைந்தது. எண் மரம், சொல் மரம் இரண்டும் ஓடின. ஆனால் கருவி மெமோவே இல்லாததுபோல மெதுவாகிவிட்டது. வெகுநேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது: நான் விரித்து எழுதியதால், ஒவ்வொரு மரத்துக்கும் மெமோ புதிதாக அழைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் புதுக் காலி அட்டவணை பிறந்து, ஒரே ஒரு விடையை எழுதிவிட்டு மறைந்துகொண்டிருந்தது. முன்பு அட்டவணை ஒன்றாக இருந்தது, அதனால் டைப்பும் ஒன்றாகத்தான் இருக்க முடிந்தது. இப்போது டைப் எத்தனை வேண்டுமானாலும் ஆகலாம், ஏனென்றால் அட்டவணையும் அத்தனை. ஈட்டா விரிவு எப்போது கணக்கு நடக்கிறது என்பதையே மாற்றிவிடும்.

விரிவை எடுத்துவிட்டேன். 'எண் மர ஆழம் = மெமோ (ஆழம்)' என்று ஒரு வரி, 'சொல் மர ஆழம் = மெமோ (ஆழம்)' என்று அடுத்த வரி, வலப்பக்கம் இரண்டிலும் ஒன்றே. இரண்டு அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு டைப். கம்பைலர் ஏற்றுக்கொண்டது, வேகமும் திரும்பியது.